பிள்ளையோடு வந்த மாணவி: தன்னாமுனையிலிருந்து கரடியனாறு வரை

பதுளையிலிருந்து மட்டக்களப்புக்குக் குடும்பத்தோடு போக விரும்பும் ஒரு வாசகி, செங்கலடி வழியாகப் போகும் நேர்ப்பாதை எப்படி இருக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தார். பாதை நன்றாக இருக்கிறது, தைரியமாகப் போங்கள் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். போட்ட பிறகு மனம் கேட்கவில்லை. அந்தப் பாதையின் கடைசித் துண்டில் நான் முதன்முதலாகப் போனது, போர் முடிவதற்குச் சில வருடங்கள் முன்பு, போர்நிறுத்தம் ஏதோ ஒரு மாதிரி நடைமுறையில் இருந்த ஓர் ஓகஸ்ட் விடுமுறையில். அந்தப் பயணத்தைச் சொல்லாமல் வெறும் பாதையை மட்டும் சொல்வது அரைகுறையாகப் பட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியை. இடையில் படிப்பை விட்ட பெண் பிள்ளைகளை மீண்டும் சாதாரண தரப் பரீட்சை எழுத வைப்பதற்கென்று அரசாங்கம் ஒரு மானியம் ஒதுக்கியிருந்தது. விடுமுறையில் மூன்று வாரம் ஒரு முகாமில் தங்கவைத்துப் படிப்பிப்பார்கள். சாப்பாடு, போக்குவரத்து, புத்தகம், ஆசிரியர் கொடுப்பனவு எல்லாம் மானியத்தில் வரும். மட்டக்களப்பில் பெண் கணித ஆசிரியர்கள் போதவில்லை. தமிழில் கணிதம் படிப்பிக்கக்கூடிய பெண்கள் வரலாம் என்று எங்கள் பக்கத்துக்கும் அறிவித்தல் வந்தது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. விண்ணப்பித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நேர்ப்பாதையில் போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால் பிபிலை, அம்பாறை, கல்முனை என்று சுற்றிப் போனேன். பதுளையில் விடிய ஐந்தரைக்கு ஏறியவள் கல்முனையில் இறங்கும்போது வெயில் உச்சியில் நின்றது. அங்கிருந்து மட்டக்களப்புக்கு இன்னுமொரு பஸ், நாற்பது கிலோமீற்றர் அளவு. பக்கத்தில் இறால் கூடையோடு ஏறிய ஒரு பெண் என் பேச்சைக் கேட்டதும் மலைநாடா என்று விசாரித்து, "ஆத்துப் பக்கம் இருங்க, காத்து வரும்" என்று இடப் பக்க யன்னலை எனக்கு விட்டுக்கொடுத்தார். வாவியை இங்கே ஆறு என்றுதான் சொல்கிறார்கள். குருக்கள்மடத்தைத் தாண்டும்போது வலப் பக்கம் கடல் இருந்தும் நான் இடப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னைகளுக்கு இடையில் வாவி அசையாமல் கிடந்தது. அதில் ஒரே ஒரு தோணி. எத்தனை சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்தோம் என்பது நினைவில்லை. அந்தத் தோணி நினைவிருக்கிறது.

தன்னாமுனை, மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஏறாவூர் போகும் வழியில் இருக்கிறது. நகரத்திலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். முகாம் நடந்தது தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தில். முன்னால் பெரிய வீதி, பின்னால் பூவரச மரங்கள், அதற்குப் பின்னால் வாவி. பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியையான சிசிலியா மிஸ். மெலிந்த உருவம், ஓங்கிய குரல். இருபது பிள்ளைகளுக்குச் சமையல், கிணறு, படுக்கை, ஒழுக்கம் எல்லாவற்றையும் அவரே பார்த்தார்.

பிள்ளைகள் என்று சொல்கிறேன். பதினேழிலிருந்து இருபது வயதுவரை இருந்தார்கள். பெரும்பாலானோர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையைச் சேர்ந்தவர்கள். பஸ் நின்றுபோனால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு. வீதியில் பயம் என்றாலும் அவள்தான் முதலில் நிற்பாள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வகுப்போடு நின்றிருந்தாள். யாரையும் ஏன் நின்றாய் என்று கேட்க வேண்டாம் என்று சிசிலியா மிஸ் முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்.

யோகமலர் கரடியனாற்றிலிருந்து வந்தவள். வயது பத்தொன்பது. கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, ஆனால் பிடிவாதக்காரி. விடை பிழைத்தால் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்குவாள். முதல் வாரத்தில் ஒருநாள் சதவீதக் கணக்குச் செய்துகொண்டிருந்தபோது திடீரென்று கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே போக அனுமதி கேட்டாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். மறுநாளும் அதே மணிக்கு அப்படியே எழுந்து போனாள். இடைவேளையில் கிணற்றடியில் கண் சிவந்து நின்றவளைச் சிசிலியா மிஸ் அறைக்குள் கூட்டிப்போனார். வெளியே வந்து என்னிடம், "அவளுக்குப் பால் கட்டியிருக்கு. வீட்டில எட்டு மாசப் புள்ள" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போன பிள்ளைகள் ஞாயிறு பின்னேரம் திரும்பினார்கள். யோகமலர் வரவில்லை. திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை பூரணை விடுமுறை. நான் போய்ப் பார்த்து வரட்டுமா என்று கேட்டேன். சிசிலியா மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழியையும் விலாசத்தையும் சொல்லி, எதற்கும் பகலுக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார். பிள்ளையை வற்புறுத்தக் கூடாது என்றும் சொன்னார்.

தன்னாமுனையிலிருந்து செங்கலடிக்குப் பஸ். அங்கிருந்து மேற்கே திரும்பும் வீதிதான் கரடியனாறு வழியாகப் பதுளைக்குப் போகும் வீதி. மைல்கல்லில் பதுளை என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போக முடியாமல் நின்றேன். ஓட்டோக்காரர் சாவடிவரைதான் வருவேன் என்றார். "அங்கால எங்கட வண்டி போகாது ரீச்சர். பாலத்தத் தாண்டி நில்லுங்க, லான்ட்மாஸ்டர் ஒண்டு வரும்" என்றார். சாவடியில் பையைக் கொட்டிக் காட்டினேன். எனக்குச் சிங்களம் பேச வந்தது உதவியது. எதற்குப் போகிறாய் என்று கேட்ட இளம் சிப்பாயிடம் ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை என்றேன். அவன் சிரித்துவிட்டு, தன் தங்கையும் அப்படித்தான் என்றான். மறுபக்கத்தில் இருந்த இயக்கத்தின் சாவடியிலும் கேட்டார்கள். அங்கும் அதையே சொன்னேன்.

லான்ட்மாஸ்டர் என்பது கையால் பிடித்து ஓட்டும் சின்ன உழவு இயந்திரம். பின்னால் பூட்டிய பெட்டியில் நெல்மூட்டைகளுக்கு மேல் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆனது. இரு பக்கமும் வட்டைகள், அதாவது கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்கள். அறுவடை தொடங்கிவிட்டது. எருமைகள் குளத்து நீரில் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன. மலைச்சரிவில் பிறந்த எனக்கு இவ்வளவு வானத்தை ஒரே இடத்தில் பார்ப்பது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

யோகமலரின் வீடு வீதியிலிருந்து உள்ளே, களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்தது. என்னைக் கண்டதும் அவள் எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது இடுப்பில் பிள்ளை. தர்சினி என்று பெயர். தாயின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இனி எங்கும் விடமாட்டேன் என்பதுபோல என்னை முறைத்தாள். யோகமலரின் தாய் பூமணி அக்கா எனக்குத் தயிரும் சீனியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டாத பெண், பார்வையில் மட்டும் அதைவிடக் கூடின வயது.

நடந்ததை அவரே சொன்னார். மகள் போன நாளிலிருந்து பிள்ளை போத்தல் பாலைத் தொடவில்லை. கஞ்சி கொடுத்தால் துப்பினாள். அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை தாயைக் கண்டவள் ஞாயிறு முழுக்க மடியை விட்டு இறங்கவில்லை. அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகு எந்தத் தாய் பஸ் ஏறுவாள் என்று கேட்டார். பேச்சு அங்கே முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது.

"நான் இவளக் கட்டிக் குடுத்தது சோறு போட ஏலாம இல்ல ரீச்சர்" என்றார். "இயக்கத்துக்கு எண்டு ஊட்டுக்கு ஊடு வந்து புள்ளயளக் கேட்ட காலம். கலியாணம் முடிச்ச புள்ளயண்டா விடுவாங்க எண்டு சொன்னாங்க. அடுத்த ஊட்டுப் புள்ள ரியூசனுக்குப் போயித்து வாறன் எண்டு போனவள், மறுகா வரவே இல்ல. இவள் உசிரோட என்ட கண்ணுக்கு முன்னால இரிக்க வேணும். அது ஒண்டத்தான் நான் பாத்தன். படிப்ப நான் பாக்கல்ல."

யோகமலர் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தாய் சொன்னதை அவள் முன்பே பலமுறை கேட்டிருக்க வேண்டும். முகத்தில் கோபம் இல்லை.

பூமணி அக்கா என் பக்கம் திரும்பினார். "உங்கட அம்மா எப்பிடி உங்கள இவ்வளவு தூரம் உட்டவ? அவவுக்குப் பயமில்லையா?"

என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கையெழுத்துப் போடத் தெரியாது. பதுளை பஸ் நிலையத்தில் அந்த விடியற்காலையில் அவர் என் கையை விடாமல் நின்றது ஞாபகம் வந்தது. "பயந்துகிட்டேதான் ஏத்தி விட்டாங்க அக்கா" என்றேன். "பஸ் கிளம்புற வரைக்கும் இறங்கிடு இறங்கிடுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

பூமணி அக்கா எழுந்து என் தயிருக்கு மேல் இன்னும் கொஞ்சம் சீனி போட்டார்.

அந்த நேரத்தில்தான் யோகமலரின் கணவர் தவராசா வட்டையிலிருந்து வந்தார். உடம்பெல்லாம் வைக்கோல் தூசு. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம். அதனால் மாமியின் எதிரில் அதிகம் பேசாத பிள்ளை. நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, கை கழுவி, மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு மாமியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "புள்ளையக் கொண்டு நான் வந்து இருந்தா உங்கட மிஸ் ஏசுவாவா?"

வேளாண்மை வெட்டு நடக்கிறதே, கூலி போய்விடுமே என்று பூமணி அக்காதான் முதலில் கேட்டார். மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும் அந்த வெட்டில்தான் அடுத்த மாதங்களுக்கான அரிசி வரவேண்டும். தவராசா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "வெட்டு அடுத்த போகத்துக்கும் வரும் மாமி. சோதின இவளுக்கு இனி வருமோ தெரியா" என்றார்.

யோகமலர் அப்போதுதான் நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையைப் பார்த்த நான் எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டேன். அங்கே எனக்கு இருக்க இடமில்லை என்று தோன்றியது.

மிஸ்ஸிடம் நான் கேட்கிறேன், நாளைக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பகலோடு திரும்பிவிட்டேன். சிசிலியா மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆண்களை மண்டபத்தில் தங்கவைக்க முடியாது, அதில் மாற்றமில்லை என்றார். சுற்றறிக்கையை எடுத்துக் கண்ணாடி போட்டு வாசித்தார். "மாணவி எண்டுதான் போட்டிருக்கு. மாணவிக்குப் புள்ள இரிக்கக் கூடாதெண்டு ஒரு இடத்திலயும் இல்ல" என்று சொல்லி மூடி வைத்தார். பின்பக்கத்தில் இருந்த மீனவக் குடும்பத்திடம் போய், கரையில் இருந்த அவர்களது வாடியில் தவராசாவுக்கு ஓர் இடம் கேட்டு வாங்கினார். வலை போட்டு வைக்கும் சின்னக் கொட்டில் அது.

வியாழன் முற்பகல் வாசலில் நின்றவர்கள் மூன்று பேர் இல்லை, நான்கு பேர். பூமணி அக்காவும் வந்திருந்தார். மகளை எங்கே விடுகிறேன் என்று பார்க்க வேண்டாமா என்றார். கிணற்றின் கட்டைப் பார்த்தார். மலசலகூடக் கதவின் கொண்டியை இழுத்துப் பார்த்தார். படுக்கும் இடத்தைப் பார்த்தார். வேலியில் ஓர் ஓட்டை இருந்ததைக் காட்டி, இதை அடைக்க வேண்டும் என்று சிசிலியா மிஸ்ஸிடம் சொன்னார். மிஸ் அன்றே அடைத்தார். பிறகு என் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு பாடம் முழுக்க உட்கார்ந்திருந்தார். முக்கோணங்களைப் பற்றிய பாடம். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. மகள் பலகைக்கு வந்து ஒரு கணக்கைச் செய்து முடித்தபோது சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பின்னேரப் பஸ்ஸுக்குப் போகும்போது மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனிடம், "புள்ளைக்கு வெயில் காட்டாத" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வேலைக்காலத்தில் மிக நல்ல நாட்கள். தவராசா பிள்ளை தூங்கப் பூவரசங்கிளையில் சேலைத் துணியால் ஏணை கட்டினார். எட்டு மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்வார், இடைவேளைக்கு யன்னலடிக்குக் கொண்டுவருவார், பால் குடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். விடியற்காலையில் மீனவர்களோடு வலை இழுக்கப் போனார். வயலில் வளர்ந்தவருக்குத் தோணியில் நிற்கத் தெரியாது. முதல் நாளே தண்ணீருக்குள் விழுந்து எழும்பி வந்தார். மாணவிகள் சிரித்த சிரிப்பில் வகுப்பைத் தொடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மானியத்தில் சாப்பாடு மாணவிகளுக்கு மட்டும்தான். ஆனால் சமையல்காரப் பெண்மணி ஒரு கோப்பைச் சோற்றை எப்போதும் மூடி வைத்திருந்தார். அது யாருக்கு என்று சிசிலியா மிஸ் ஒருநாளும் கேட்கவில்லை.

ஒருநாள் நான் தவராசாவிடம், அரசாங்கம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இப்படிச் செய்வது உங்களுக்கு மனவருத்தமாக இல்லையா என்று கேட்டேன். அவரும் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். "நான் விட்டது என்ட விருப்பம் ரீச்சர். இவளிட்ட ஆரும் கேக்கல்லையே" என்றார். ஏணையை ஆட்டிக்கொண்டே அதைச் சொன்னார்.

யோகமலர் டிசம்பரில் பரீட்சை எழுதினாள். பெறுபேறு வந்தபோது சிசிலியா மிஸ் பசறையில் உள்ள தபாலகத்துத் தொலைபேசிக்கு அழைத்துச் சொன்னார். ஆங்கிலம் கைவிட்டுவிட்டது. கணிதத்தில் சாதாரண சித்தி, அதாவது தேறிவிட்டாள். அந்தச் சாதாரண சித்திக்காக நான் தபாலகத்துக்குள்ளேயே அழுதேன்.

அடுத்த ஓகஸ்ட்டில் திரும்பவும் அழைத்து இன்னொன்றும் சொன்னார். அந்த வருட முகாமுக்கான அறிவித்தலில், கைக்குழந்தை உள்ள மாணவிகள் குழந்தையையும் கொண்டு வரலாம், பார்த்துக்கொள்ள ஒரு பெண் கொடுப்பனவோடு நியமிக்கப்படுவார் என்று ஒரு வரி சேர்ந்திருந்ததாம். மிஸ் அனுப்பிய அறிக்கைகளால் வந்த வரி. இதைக் கேள்விப்பட்டு அந்த வேலைக்கு முதலாவதாக வந்து நின்றவர் யார் தெரியுமா என்று கேட்டார். பூமணி அக்கா. மாட்டையும் வீட்டையும் மகளிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு, கரடியனாற்றிலிருந்து தனியாகச் சாவடி தாண்டி, மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். முகாமுக்கு வந்த முதல் நாள் பிள்ளையை விட்டு உள்ளே போகமாட்டேன் என்று நின்ற ஒருத்தியிடம் அவர் சொன்னதைச் சிசிலியா மிஸ் அப்படியே சொன்னார்: "நீ போய்ப் படி புள்ள. அழுதா நான் கூப்பிடுறன்."

பிறகு போர் திரும்பவும் வந்தது. அந்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. பல வருடங்கள் எனக்குச் செய்தி இல்லை. போர் முடிந்து பாதை திறந்த பிறகு நேர்ப்பாதையிலேயே போனேன். கரடியனாற்றில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். சுவர் கல்லாக மாறியிருந்தது. யோகமலர் ஊரின் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். தவராசா வயல் செய்கிறார். பூமணி அக்கா நடந்து வந்து என் கன்னத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். யார் யார் பிழைத்தார்கள், யார் இல்லை என்பதை அவர்கள் சொன்ன விதத்தில் நான் இங்கே எழுதப்போவதில்லை.

இனி, போகிறவர்களுக்கு. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா, கரடியனாறு, செங்கலடி என்று வரும் பாதை ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீற்றர். சொந்த வாகனத்தில் விடியப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டக்களப்பில் இருக்கலாம். மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, மாற்றுடை எடுங்கள். அதற்குப் பிறகு காட்டுப் பகுதி. யானை கடக்கும் இடங்கள் இருக்கின்றன, இருட்ட முன்னர் தாண்டிவிடுங்கள். வீதியோரத்தில் சட்டியில் விற்கும் எருமைத் தயிரை வாங்காமல் வராதீர்கள். ஓகஸ்ட்டில் வெயில் கடுமை, தண்ணீர் தாராளமாக வைத்திருங்கள். கல்முனை வழியாக வருகிறவர்கள் இடப் பக்கம் இருக்கவும். தனியாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது, பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பாடசாலை நாளில் போகிறீர்கள் என்றால் இன்னுமொரு விடயம். ஒன்றரை மணிக்குப் பிறகு கரடியனாற்றுப் பக்கத்தில் வீதி முழுக்க வெள்ளைச் சட்டை போட்ட பெண் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து, வீதியை அடைத்துக் கதைத்துக்கொண்டு, பின்னால் வாகனம் வருவதைக் கவனிக்காமல். சாரதியிடம் ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் பின்னாலேயே மெதுவாகப் போங்கள். கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது.